டைரக்டர் அறையில் நடமாட்டம்

அரியலூருக்கு வெளியே இருந்த அந்தச் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அலுவலகத்தில் இடத்துக்குத்தான் பஞ்சம். 2006-இல் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஆட்கள் வந்து சேர்ந்தபோது, அங்கே நெடுநாளாக வேலை பார்த்த சிந்தாமணியின் மேஜையைத் தூக்கி நடையில், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

சிந்தாமணி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு நேராக நிர்வாக மேனேஜர் பஞ்சநாதன் முன்னால் போய் நின்றாள்.

"சார், போறவங்க வர்றவங்க எல்லாம் என் மேஜைல டீ கிளாஸை வெச்சுட்டு, ஒரு காப்பி எடுத்துக் குடும்மாங்கறாங்க. நான் கணக்கு பாக்கறதா, ஜெராக்ஸ் கடை நடத்தறதா?"

"இடம் இல்லம்மா. எங்க போடச் சொல்றீங்க, என் தலையிலயா?" என்றார் பஞ்சநாதன்.

அவர் எல்லோருக்கும் சொல்கிற பதில் அது. கொள்முதல் பிரிவு இன்னொரு அறை கேட்டது, இடமில்லை. பெண்கள் ஓய்வெடுக்க ஓர் அறை கேட்டார்கள், இடமில்லை. ஆலையில் அவருக்குக் கறார் பேர்வழி என்று பெயர். கேன்டீனில் ஒரு ஸ்பூன் குறைந்தாலும் விசாரணை வைப்பார். ஆனால் இடமில்லை என்று அவர் சொன்னதில் பொய் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மேலே இன்னொரு மாடி கட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவர் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். இருக்கிற இடம் போதவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று அங்கிருந்து கேட்டார்கள்.

ஜி.எம். செல்லமுத்துவுக்கு இந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று. சூளைப் பகுதியிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர் அவர். சூளைக்குள் என்ன சூடு, அரவையில் என்ன அழுத்தம் என்று எல்லாவற்றையும் அளந்தே பழகியவர். அளக்காமல் பேசுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. கருவிப் பிரிவு என்ஜினீயர் கவிதாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"சூளைல மேல கீழ எத்தனை எடத்துல சென்சார் வெச்சிருக்கோம். ஆபீஸ்ல ஒண்ணுகூட இல்ல. எந்த ரூம்ல எப்ப ஆள் இருக்கு, எப்ப காலியா இருக்குன்னு ஒன்னால அளந்து சொல்ல முடியுமா?"

கவிதா ஜெயங்கொண்டத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி எதையாவது ஒருவர் கேட்டுவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முடியும் சார். ஆனா ரூமைத்தான் அளப்பேன். ஆளை அளக்க மாட்டேன்" என்றாள்.

"எனக்கு ரூம் போதும்" என்றார் செல்லமுத்து.

கடைகளில் திருடன் நுழைந்தால் மணியடிப்பதற்காகச் சுவர் மூலையில் மாட்டுகிற சென்சார்களைத் திருச்சியிலிருந்து வாங்கி வந்தாள். கட்டுப்பாட்டு அறையில் புது இயந்திரம் வந்ததும் ஸ்டோரில் தூக்கிப் போட்டிருந்த பழைய பதிவுக் கருவி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாள். எலக்ட்ரீஷியன் அழகேசன் ஏணி போட்டு அறைக்கு அறை வயர் இழுத்தார். அறையில் நடமாட்டம் இருந்தால் சென்சாரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அதைப் பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அழகேசன் ஏணியை விட்டு இறங்குவதற்குள் ஆபீஸ் முழுவதும் செய்தி பரவிவிட்டது. கேமரா வைக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சிந்தாமணி தலைமையில் ஒரு கூட்டமே கவிதாவைச் சுற்றிக்கொண்டது.

"ஏம்மா கவிதா, நான் எத்தனை தடவ பாத்ரூம் போறேன்னு எண்ணப் போறியாமே?"

"இல்லக்கா. இது கேமராவே இல்ல. சூடு நகர்ந்தா மட்டும்தான் இதுக்குத் தெரியும்."

"யாரு நம்புவா?"

கவிதா வாயால் விளக்குவதை நிறுத்திவிட்டு, கேன்டீனிலிருந்து ஆவி பறக்க ஒரு டம்ளர் டீ வாங்கி வந்தாள். எல்லோரையும் சென்சாரின் பார்வைக்கு வெளியே நடையில் நிற்கவைத்தாள். ஒட்டடைக் கம்பின் நுனியில் ஒரு தட்டைக் கட்டி, டம்ளரை அதில் வைத்து, கதவோரமாகக் காலி அறைக்குள் மெல்ல நீட்டி அசைத்தாள். மூலையில் சிவப்பு விளக்கு மினுங்கியது.

"பாத்தீங்களா. டீக்கும் உங்களுக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப நானும் டீயும் ஒண்ணுங்கறே" என்றாள் சிந்தாமணி. கூட்டம் சிரித்துவிட்டது. அதில் பாதிப் பயம் போயிற்று. மீதிப் பயத்துக்காகக் கவிதா இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தாள். யார் என்கிற கேள்வியை இந்தக் கருவியை வைத்து அவள் ஒருபோதும் கேட்க மாட்டாள். வருகிற கணக்கு எதுவானாலும் ஒன்றையும் மறைக்காமல் சனிக்கிழமைதோறும் நோட்டீஸ் போர்டில் எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவாள்.

முதல் வாரக் கணக்கைப் பார்த்து அவளுக்கே தலை சுற்றியது. கொள்முதல் பிரிவில் திருவிழாக் கூட்டம் போல ஓயாத நடமாட்டம். கணக்குப் பிரிவோ பாதி நேரம் ஆளே இல்லாத மாதிரி.

நேரில் போய்ப் பார்த்தாள். கொள்முதல் பிரிவில் தங்கள் அறை எப்போதும் நிறைந்திருப்பதாகக் காட்டவேண்டும் என்று தீர்மானித்து, ஆளுக்கொரு முறை எழுந்து சென்சாருக்குக் கீழே ஒரு சுற்று நடந்து வந்தார்கள். அதற்கு முறை வைத்திருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்தபடியே ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவில் கதை வேறு. அங்கே அண்ணாதுரை என்கிற கணக்காளர், மாதக் கடைசிக் கணக்கு டாலியாகாத கவலையில், கண்ணைக்கூட இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அசைந்தால்தானே சென்சாருக்குத் தெரியும்? உழைக்கிறவர் இல்லாதவராகவும், உலாத்துகிறவர் உழைப்பாளியாகவும் பதிவாகியிருந்தார்கள்.

கவிதா அந்த வாரக் கணக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். சென்சார்களை இறக்கி, மேஜைமேல் அசைகிற கைகள் தெரிகிற மாதிரித் திருப்பி மாட்டினாள். கொள்முதல் பிரிவில் போய், "நீங்க நடந்து நடந்து காட்டுனா, ஆளுங்க உக்காரவே இல்ல, நாற்காலி வேண்டாம் போலன்னு ஜி.எம். நெனைச்சுக்கப் போறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அங்கே எல்லோரும் அடக்கமாக உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த கணக்குகள் நம்பும்படி இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரிக் கூட்டம் கூடியது. காகிதத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பட்டை. ஆள் இருந்த நேரம் கறுப்பு, காலியாக இருந்த நேரம் வெள்ளை. பெரிய மீட்டிங் ஹால் கிட்டத்தட்ட வெள்ளையாகவே கிடந்தது. சின்ன மீட்டிங் அறை கரியாக இருந்தது. பெரிய அதிகாரிகளின் அறைகள் பாதி நாள் காலி. அவர்கள் அந்த நேரமெல்லாம் ஆலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஜி.எம்.மின் அறையே அப்படித்தான். செல்லமுத்து தன் பட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு நேரமா வெளிய இருக்கேன்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

இடமில்லை என்பது சரியல்ல, இருக்கிற இடம் தப்பான ஆட்களிடம் இருக்கிறது என்று மெல்ல எல்லோருக்கும் புரிய ஆரம்பித்தது. பஞ்சநாதனின் மாடிக் கனவு ஆட்டம் கண்டது.

அந்த நேரத்தில்தான் டைரக்டர் அறையின் பட்டை பேச்சுக்கு வந்தது.

முதல் மாடியில் மரப்பலகை அடித்து, ஏ.சி. போட்டு, ஒரு சோபாவும் வைத்துப் பூட்டியிருந்த அறை அது. சென்னையிலிருந்து டைரக்டர் வருஷத்தில் ஏதோ ஒன்றிரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். சாவி பஞ்சநாதனிடம். அது சுத்த வெள்ளையாக இருக்கும் என்றுதான் கவிதா நினைத்திருந்தாள். ஆனால் தினமும் மத்தியானத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. கருவியில் கோளாறா என்று வேறு சென்சார் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் விழுந்தது.

மறைக்க மாட்டேன் என்று சொன்னவள். ஒட்டிவிட்டாள்.

அன்றைக்கு ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. எலி என்றார்கள். எலிக்கு என்ன மத்தியானம் மட்டும் வேலை என்றார்கள். யாரோ அங்கே மதியத் தூக்கம் போடுகிறார்கள் என்பதில் கடைசியாக எல்லோரும் ஒத்துப் போனார்கள். சாவி வைத்திருப்பவர் யார் என்று நினைத்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை பஞ்சநாதன் கவிதாவின் அறைக்கே வந்தார். அவர் யார் அறைக்கும் போகிறவர் அல்ல.

"அந்த டைரக்டர் ரூம் கணக்கை எடுத்துடும்மா."

"எதுக்கு சார்?"

"சென்சார் ரிப்பேருன்னு சொல்லிடு."

"சென்சார் நல்லாத்தான் இருக்கு சார். ஒரு ரூமை மாத்தி எழுதுனா மத்த ரூம் கணக்கையும் யாரும் நம்ப மாட்டாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து, போட்டுக்கொள்ளாமலே திரும்ப வைத்தார். "சரி, ஒன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார். மனிதர் மதியத் தூக்கத்துக்காக இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று கவிதாவுக்குப் பாவமாக இருந்தது.

பதினோரு மணிக்கு ஜி.எம். கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"யாருன்னு பாத்தியா?"

"இல்ல சார்."

"மத்தியானம் போய்ப் பாரு."

"நான் பாக்க மாட்டேன் சார். யாருன்னு கேக்க மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"அது நீ குடுத்த வாக்கு. நான் யாருக்கும் குடுக்கல. டைரக்டர் ரூமை யாரோ லாட்ஜ் மாதிரி வெச்சிருக்கான். நான் சும்மா இருக்க முடியாது."

"சார், அந்தக் கோடு என் கருவிலேர்ந்து வந்தது. அதை வெச்சு ஒருத்தரப் பிடிச்சீங்கன்னா, நாளைக்கு இந்த ஆபீஸ்ல யாரும் என்னை நம்ப மாட்டாங்க. நீங்க எந்த ரூம்ல அளக்கச் சொன்னாலும் துணியப் போட்டு மூடி வெச்சிருவாங்க."

செல்லமுத்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். தன்னை நிறுத்தியது எதிர்த்துப் பேசியதால் வந்த கோபமா, அவள் சொன்னதில் இருந்த நியாயமா என்று அவருக்கே தெளிவாகவில்லை. "சரி, நீ போ" என்றார்.

ஆனால் மத்தியானம் அவர் மாடி ஏறினார். கவிதா வராந்தாவிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். கூப்பிட்டு நிறுத்தத் தைரியம் வரவில்லை, விட்டுவிடவும் மனசில்லை. பின்னாலேயே ஏறினாள்.

டைரக்டர் அறைக்கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால், மாடிப்படியின் மேல்படியில் பஞ்சநாதன் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். எலுமிச்சம்பழச் சாதம். ஜி.எம்.மைப் பார்த்ததும் பாக்ஸோடு எழுந்து, கதவை மறைத்தபடி நின்றார்.

"இங்க உக்காந்து எதுக்கு சாப்புடுறீங்க?" என்றார் செல்லமுத்து.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குழந்தை சிணுங்கியது. ஒரு பெண்குரல் "ம்ம், ம்ம்" என்று சமாதானம் செய்தது. சிணுங்கல் அடங்கியது.

செல்லமுத்து தன்னையறியாமல் இரண்டு படி கீழே இறங்கி நின்றார்.

"யாரு?" அவர் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"லேப் கெமிஸ்ட் பிரவீணா சார். பிரசவ லீவு முடிஞ்சு போன மாசம் வந்துச்சு. அதோட வூட்டுக்காரரு, நம்ம கேட்டுக்கு எதிர்ல செல்போன் ரீசார்ஜ் கடை வெச்சிருக்காரே அன்பழகன், அவருதான் பிள்ளைய வெச்சுக்கறாரு. மத்தியானம் பால் குடுக்கக் கொண்டாந்து விடுவாரு." பஞ்சநாதன் ஒரு முறை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மொதல்ல வூட்டுக்குப் போயிட்டு வரேன்னு பர்மிஷன் கேட்டுச்சு. ரூல் இல்லன்னு சொல்லிட்டேன். மறுநா லேப் ஸ்டோர் பக்கம் போனேன் சார். ஆசிட் பாட்டில் அலமாரிக்குப் பின்னால, தரையில உக்காந்து பால் குடுத்துக்கிட்டிருந்துச்சு. எனக்குச் சோறு எறங்கல. சாவியக் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"டைரக்டர் ரூமை யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு சர்க்குலர் போட்டவனே நான்தான் சார்."

கீழே லாரிகள் கல் கொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு செல்லமுத்து பேன்ட்டை லேசாகத் தூக்கிக்கொண்டு, மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தார். அவர் ஏன் உட்கார்ந்தார் என்று தெரியாமல் பஞ்சநாதனும் உட்கார்ந்தார். என்ன செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த பாக்ஸை ஜி.எம். பக்கம் நீட்டினார். செல்லமுத்து ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு தூக்கலா இருக்கு" என்றார்.

"நானே பண்ணது சார்."

கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அளந்த ஆள் வந்தாச்சு" என்றார் செல்லமுத்து. "சொல்லும்மா. ஒன் கணக்குப்படி இந்த ரூமை என்ன பண்ணலாம்?"

"கணக்குப்படி இந்த ரூம்ல வருஷம் பூரா ஒரே ஒரு வேலைதான் நடக்குது சார். அந்த வேலைக்கே குடுத்துடலாம்."

கதவு திறந்து பிரவீணா வெளியே வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் ஜி.எம். எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் கலங்கப் பார்த்தது. "ஒண்ணும் இல்லம்மா, நீ போயிட்டு வா. பிள்ளை முழிச்சிக்கப் போவுது" என்று வழிவிட்டு ஒதுங்கினார் செல்லமுத்து.

அன்று சாயங்காலம் கவிதா லேபுக்குப் போய் அவளைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம போச்சு பிரவீணா. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியல" என்றாள்.

பிரவீணா கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஒன் மேல என்ன தப்பு? நான் அசையாமத்தான் உக்காந்திருப்பேன். இவன்தான் பால் குடிக்கறப்ப கையைக் காலை ஆட்டிக்கிட்டே இருப்பான். காட்டிக் குடுத்தது எம் புள்ளதான்."

மாதக் கடைசியில் செல்லமுத்து தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மாடி வேண்டாம். பெரிய ஹாலை நடுவில் தடுத்து ஒரு பாதி கணக்குப் பிரிவுக்கு. அண்ணாதுரையின் மேஜை ஜன்னலோரம் போயிற்று, சிந்தாமணியின் மேஜை நடையிலிருந்து உள்ளே வந்தது. அதிகாரிகள் இருவருக்கு ஓர் அறை. முதலில் தன் அறையையே அவர் பகிர்ந்துகொண்டதால் யாராலும் முணுமுணுக்க முடியவில்லை. டைரக்டர் அறை, வேலைக்கு வரும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும். கட்டடச் செலவு மிச்சமென்று சென்னையில் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டைரக்டர் அறையைப் பற்றிய வரியை யாராவது படித்தார்களா என்பது சந்தேகம்தான். நாற்காலி மேஜைகளை இடம் மாற்றுகிற வேலையைப் பஞ்சநாதன் தானே நின்று பார்த்தார். மாடி போன வருத்தம் அவரிடம் தெரியவில்லை. அழகேசனைக் கூப்பிட்டு அந்த அறைக் கூரையில் தொட்டிலுக்கு ஒரு கொக்கி போடச் சொன்னார். போட்டதும் தானே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்.

சிந்தாமணி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "பிள்ளைங்க ரூம்ல அந்த டீ மிஷின் வேண்டாம்." கவிதாவே ஏணி போட்டு ஏறிச் சென்சாரைக் கழற்றி வந்தாள். பேக்கிங் பிரிவில் தரை கூட்டுகிற தனம் என்பவள் தன் மகளைக் கூட்டிவந்தாள். அடுத்து ஸ்டோரிலிருந்து ஒருத்தி வந்தாள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினார்கள்.

பொங்கல் கழிந்து டைரக்டர் வந்தார். காரிலிருந்து இறங்கியவர், பழக்கதோஷத்தில் யாருக்கும் காத்திராமல் விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார். பஞ்சநாதன் பின்னால் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் டைரக்டர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே தொட்டிலில் பிரவீணாவின் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். தனத்தின் மகள் சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவள் டைரக்டரைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "உஸ்" என்றாள்.

டைரக்டர் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். பஞ்சநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என் நாற்காலி எங்க?" என்று கிசுகிசுத்தார் டைரக்டர்.

"சிந்தாமணின்னு கணக்குப் பிரிவுல ஒரு அம்மா சார். அவங்க நாற்காலி ஒடஞ்சு போச்சு, அதனால..." என்று பஞ்சநாதனும் கிசுகிசுத்தார்.

"அவங்களுக்கு முதுகு வலிக்கலையா? என்னால அதுல பத்து நிமிஷம் உக்கார முடியாது."

"நல்லாருக்குன்னாங்க சார்."

"அப்ப சரி" என்று டைரக்டர் படியிறங்கினார். கீழே மீதமிருந்த பாதி ஹாலில் மீட்டிங் தொடங்கியது. மாடிக்கு அங்கிருந்து ஒரு சத்தமும் போகாது. ஆனாலும் டைரக்டர் தணிந்த குரலில்தான் பேசினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே பேசினார்கள். அந்த ஆலையில் அதற்குமுன் ஒரு மீட்டிங் அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை என்று சாயங்காலம் பஸ்ஸில் சிந்தாமணியிடம் சொல்லிக்கொண்டு போனாள் கவிதா.